உள்நாட்டு அரசியலும் அயல்நாட்டு உறவும்: திருகோணமலையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

உயர்தர வகுப்பில் அரசியல் விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். வெளிநாட்டுக் கொள்கை என்ற பகுதியைத் தொடங்கிய அன்றே பிள்ளைகள் எங்கள் துறைமுகத்தை ஒட்டிய சீனக்குடாவில் உள்ள எண்ணெய்க் குதங்களை, அதாவது பெரிய எண்ணெய்ச் சேமிப்புத் தாங்கிகளை, பற்றிக் கேட்டுவிடுவார்கள். பெற்றோரும், கிண்ணியா, மூதூர், சம்பூர்ப் பக்கத்து நண்பர்களும் அதையே வேறு வேறு விதமாகக் கேட்கிறார்கள். திரும்பத் திரும்ப வந்த கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். பரீட்சைக்கு உதவினால் மகிழ்ச்சி. ஆனால் இதை எழுதியது முதலில் இந்த ஊரில் வாழ்பவர்களுக்காக.

வெளிநாட்டுக் கொள்கை கொழும்பில் வெளிவிவகார அமைச்சு பார்க்கிற வேலை. அதற்கும் தேர்தலுக்கும் என்ன சம்பந்தம்?

எங்கள் துறைமுகத்தையே எடுத்துப் பாருங்கள். அதன் ஆழம் மாறவில்லை, இருக்கும் இடமும் மாறவில்லை. ஆனால் அது யாருக்குத் திறந்திருக்கும் என்ற முடிவு 1947, 1957, 1987, 2003, 2022, 2025 என்று மாறிக்கொண்டே வந்திருக்கிறது. ஒவ்வொரு முறையும் கொழும்பில் ஒரு புதிய அரசாங்கம் வந்திருந்தது, அல்லது இருந்த அரசாங்கம் ஆட்டம் கண்டுகொண்டிருந்தது. புவியியல் ஒரு நாட்டுக்கு முன்னால் சில வழிகளை வைக்கிறது. அவற்றுள் எதில் போவது என்பதை ஆட்சியில் இருப்பவர் தன் வாக்காளரை, கூட்டணிக் கட்சியை, தொழிற்சங்கத்தை, பிக்குகளை, கடைசியில் திறைசேரியில் கிடக்கும் டொலரைப் பார்த்துத்தான் முடிவு செய்கிறார். அந்தக் கணக்கில் திருகோணமலையில் வாழும் மக்கள் எங்கே வருகிறார்கள் என்பதுதான் என்னை உறுத்தும் கேள்வி.

1957இல் பிரித்தானியர் தளத்தை விட்டுப் போனதற்குக் காரணம் அணிசேராக் கொள்கையா?

ஆம். ஆனால் எந்த வல்லரசு அணியிலும் சேராத அந்தக் கொள்கை எங்கிருந்து வந்தது என்று பார்க்க வேண்டும்.

1947 நவம்பரில் பிரதமர் டி.எஸ். சேனநாயக்க பிரித்தானியாவோடு ஒரு பாதுகாப்பு உடன்படிக்கை செய்தார். சுதந்திரம் கிடைத்த பிறகும் திருகோணமலைக் கடற்படைத் தளமும் கட்டுநாயக்க விமானத் தளமும் பிரித்தானியர் கையிலேயே இருந்தன. புதிதாகச் சுதந்திரம் பெறும் சிறிய தீவுக்குப் பக்கத்தில் பென்னம்பெரிய இந்தியா. அந்த அச்சம் ஒரு காரணம். அதே அச்சம்தான் உள்ளே 1948 குடியுரிமைச் சட்டமாக வந்து மலையகத் தமிழரை நாடற்றவர்களாக்கியது. பாதுகாப்பு உடன்படிக்கையையும் குடியுரிமைச் சட்டத்தையும் பாடத்தில் தனித்தனி அத்தியாயங்களாகப் படிக்கிறோம். எழுதியவர்களின் மனதில் அவை அருகருகே இருந்தன.

இடதுசாரிகள் இதைப் பொய்ச் சுதந்திரம் என்றார்கள். அந்நியக் கொடி பறக்கும் தளம் அதற்குக் கண்ணால் காணும் சாட்சியாக இருந்தது. 1956 ஏப்ரலில் எஸ்.டபிள்யூ.ஆர்.டி. பண்டாரநாயக்க, பிலிப் குணவர்தன போன்ற இடதுசாரிகளையும் சிங்கள பௌத்த எழுச்சியையும் ஒரே கூட்டணியில் சேர்த்து வென்றார். இரு தரப்புக்கும் தளங்கள் போக வேண்டும். 1957 ஒக்டோபர் 15ஆம் திகதி திருகோணமலைத் தளம் கைமாறியது. அடுத்த மாதம் கட்டுநாயக்க.

தளம் போனது சரியான முடிவு என்பதே என் கருத்து. இன்னொரு நாட்டின் போருக்கு இந்தத் துறைமுகம் இலக்காகக் கூடாது. 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் இங்கே குண்டு வீசியதை நேரில் கண்ட தலைமுறை அப்போது உயிரோடு இருந்தது. ஆனால் அதே கூட்டணி, அதே வாக்குகளின் பலத்தில், 1956 யூனில் சிங்களத்தை மட்டும் ஆட்சிமொழியாக்கிய தனிச்சிங்களச் சட்டத்தையும் கொண்டுவந்தது. இரண்டு மாதங்களில், 1956 ஓகஸ்டில், தமிழரசுக் கட்சி இதே திருகோணமலையில் மாநாடு கூட்டி, தமிழரின் கோரிக்கைகளை நிறைவேற்ற அரசாங்கத்துக்கு ஒரு வருட அவகாசம் கொடுத்தது. அந்த அவகாசம் முடியும் நேரத்தில், பண்டாரநாயக்கவுக்கும் தமிழரசுக் கட்சித் தலைவர் செல்வநாயகத்துக்கும் இடையில் பண்டா–செல்வா ஒப்பந்தம் பிறந்தது. 1958இல் பிக்குகளின் எதிர்ப்புக்குப் பணிந்து பண்டாரநாயக்க அதைக் கைவிட்டார். உலக அரங்கில் அணிசேராமை, வீட்டுக்குள் தனிச்சிங்களம். இரண்டும் ஒரே வாக்குப் பெட்டியில் இருந்து வந்தவை. கப்பல்துறை வேலையை நம்பியிருந்த எங்கள் ஊர்க் குடும்பங்கள் வேலையையும் இழந்தன, மொழி உரிமையையும் இழந்தன. கொழும்பில் அது வெற்றிக் கொண்டாட்டமாக இருந்தது.

சேர், 1952 இறப்பர்–அரிசி ஒப்பந்தத்தைச் செய்தது ஐக்கிய தேசியக் கட்சி (ஐ.தே.க.) தானே? கம்யூனிசத்தை எதிர்த்த கட்சி சீனாவோடு எப்படி ஒப்பந்தம் செய்தது?

அரிசிக்காக. கொரியப் போரின் சூட்டில் உலகச் சந்தையில் அரிசி விலை ஏறியது, உயர்ந்திருந்த இறப்பர் விலை இறங்கியது. சீனா இறப்பரை நல்ல விலைக்கு வாங்கவும் அரிசி தரவும் முன்வந்தது. டட்லி சேனநாயக்க அரசாங்கம் கையெழுத்திட்டது. சீனாவுடன் இராசதந்திர உறவு அப்போது இல்லை. அமெரிக்கா உதவி தர மறுத்தது. அப்படியிருந்தும் செய்தார்கள்.

பங்கீட்டு அரிசியின் விலை இலங்கையில் எவ்வளவு பெரிய அரசியல் என்பதை அடுத்த வருடம் காட்டியது. 1953 யூலையில் ஒரு கொத்து அரிசி 25 சதத்தில் இருந்து 70 சதமாக உயர்த்தப்பட்டது. ஓகஸ்டில் ஹர்த்தால் வெடித்தது. ஒக்டோபரில் டட்லி பதவி விலகினார். கொள்கையை விட அடுப்பு முந்தும் என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணத்தை நான் வகுப்பில் சொன்னதில்லை.

சட்டப்படி இந்த முடிவுகளை யார் எடுக்கிறார்கள்?

1978க்கு முன் பிரதமர். சுதந்திரத்தோடு வந்த சோல்பரி அரசியலமைப்பில் வெளிவிவகாரமும் பாதுகாப்பும் பிரதமரிடமே இருக்க வேண்டும் என்று எழுதப்பட்டிருந்தது. 1978க்குப் பின் நிறைவேற்று ஜனாதிபதி. வெளிநாடுகளோடு செய்யும் உடன்படிக்கைகள் பெரும்பாலானவற்றுக்குப் பாராளுமன்றத்தின் முன் அனுமதி தேவையில்லை. அமைச்சரவை போதும். அதனால்தான் எதிர்ப்பு பாராளுமன்றத்தில் எழாமல் வீதியில், வேலைநிறுத்தத்தில், உயர் நீதிமன்றத்தில் எழுகிறது.

தமிழ்நாட்டில் எழுச்சி வந்தால் டெல்லி எங்களுக்காகப் பேசும் என்று பெரியவர்கள் சொல்கிறார்கள். உண்மையா?

சில நேரங்களில் உண்மை. எந்த நேரங்களில் என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்திருக்க வேண்டும். இதில் தவறாகக் கணக்குப் போட்டதற்கு நாங்கள் பெரிய விலை கொடுத்திருக்கிறோம்.

1983 யூலையில் இங்கே தமிழருக்கு எதிராக நடந்த வன்முறைக்குப் பின் தமிழ்நாடு கொதித்தது. எம்.ஜி.ஆரும் கருணாநிதியும் போட்டி போட்டுக்கொண்டு ஈழத் தமிழர் பக்கம் நின்றார்கள். அந்த உணர்வை எந்த டெல்லி அரசாங்கமும் அலட்சியம் செய்ய முடியாது. ஆனால் இந்திரா காந்தி அரசாங்கம் தமிழ் ஆயுத இயக்கங்களுக்குப் பயிற்சி கொடுத்ததற்குத் தமிழ்நாடு மட்டும் காரணம் என்று சொல்ல மாட்டேன். அப்போதைய ஜனாதிபதி ஜே.ஆர். ஜயவர்தன மேற்கு நாடுகள் பக்கம் சாய்வதைத் தடுப்பதும் ஒரு நோக்கம். உணர்வும் நலனும் ஒரே திசையில் போன காலம் அது.

இறுதிப் போர் நடந்த 2009இல் அவை வேறு திசைகளில் போயின. டெல்லியில் இருந்த காங்கிரஸ் அரசாங்கம் தி.மு.க.வின் ஆதரவில் நின்றது. வன்னியில் மக்கள் சாகும் நாட்களிலேயே தமிழ்நாட்டில் பொதுத் தேர்தல் வந்தது. ஏப்ரல் 27ஆம் திகதி கருணாநிதி மெரீனாவில் உண்ணாவிரதம் இருந்து சில மணி நேரத்தில் முடித்தார். போர் நிற்கவில்லை. மே 13ஆம் திகதி வாக்களிப்பு நடந்தது, தி.மு.க.–காங்கிரஸ் கூட்டணியே கூடுதலான தொகுதிகளை வென்றது. அதே மாதம் ஜெனிவாவில், ஐ.நா. மனித உரிமைகள் பேரவையில், இந்தியா இலங்கை அரசாங்கத்துக்கு ஆதரவாக வாக்களித்தது.

பிறகு 2012இலும் 2013இலும் ஜெனிவாவில் இலங்கைக்கு எதிரான தீர்மானங்களை இந்தியா ஆதரித்தது. 2013 மார்ச்சில் இதே விடயத்தில் தி.மு.க. கூட்டணியை விட்டு விலகியது. நவம்பரில் கொழும்பில் நடந்த பொதுநலவாய மாநாட்டுக்கு மன்மோகன் சிங் வரவில்லை. 2014 மார்ச்சில் இந்தியா வாக்களிக்காமல் ஒதுங்கிக்கொண்டது.

இவற்றை வரிசையாக வைத்துப் பார்த்தால் ஒன்று தெரிகிறது. கூட்டணி அரசாங்கம் தமிழ்நாட்டு எம்.பி.க்களை நம்பியிருக்கும்போது, ஒரு வாக்கையோ ஒரு பயணத்தையோ தமிழ்நாட்டால் மாற்ற முடியும். டெல்லி தன் பாதுகாப்பு என்று கருதும் விடயத்தில் முடியாது. பாக்கு நீரிணையில் உள்ள சிறு தீவான கச்சதீவு இதற்கு மறுபக்கம். 1974இல் அது இலங்கையின் எல்லைக்குள் வந்தபோது தமிழ்நாடு அரசு எதிர்த்தது, எடுபடவில்லை. 2024 மார்ச் கடைசியில், தமிழ்நாட்டில் வாக்களிப்புக்கு மூன்று வாரம் இருக்கும்போது, பிரதமர் மோடியே அதைக் கிளப்பினார். அந்தத் தேர்தலில் அவரது கட்சிக்குத் தமிழ்நாட்டில் ஒரு தொகுதியும் கிடைக்கவில்லை. தேர்தலுக்குப் பின் எல்லை இருந்த இடத்திலேயே இருந்தது.

மீனவர் பிரச்சினை ஏன் தீரவில்லை?

இராமேஸ்வரம் பக்கத்து இழுவைமடிப் படகுகளுக்குத் தமிழ்நாட்டில் வாக்கும் வேலைவாய்ப்பும் பின்னணியில் இருக்கின்றன. அந்தப் படகுகளால் வலை அறுபடும் வடக்கு மீனவருக்குக் கொழும்பிலும் பலமான குரல் இல்லை, சென்னையிலும் இல்லை. இலங்கை 2017இல் இழுவைமடித் தொழிலைச் சட்டம் போட்டுத் தடை செய்தது. தடை செய்யச் சொல்லிப் போராடியவர்களும் தமிழர், தடையால் கைதானவர்களும் தமிழர். இரு பக்கத்து அரசியல்வாதிகளுக்கும் இது தீர்ந்துவிடுவதைவிட இழுபடுவது பாதுகாப்பு.

1987 உடன்படிக்கையில் திருகோணமலையைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது?

உடன்படிக்கைக்குள் இருப்பதை விட, அதோடு பரிமாறப்பட்ட கடிதங்களில் இருப்பதைப் பாருங்கள். 1987 யூலை 29ஆம் திகதி ராஜீவ் காந்தியும் ஜே.ஆரும் கையெழுத்திட்டார்கள். உடன்படிக்கை இனப்பிரச்சினையைப் பேசியது: மாகாண சபைகள், வடக்கு–கிழக்கின் தற்காலிக இணைப்பு, தமிழ் ஆட்சிமொழி. கடிதங்கள் வேறு விடயத்தைப் பேசின. இந்தியாவின் நலனுக்குப் பாதகமான முறையில் திருகோணமலையையோ வேறு துறைமுகங்களையோ எந்த நாட்டின் இராணுவப் பாவனைக்கும் கொடுக்கக் கூடாது. எண்ணெய்க் குதங்களைத் திருத்தி இயக்கும் வேலையை இரண்டு நாடுகளும் கூட்டாகச் செய்யும்.

இந்தியாவுக்குத் தேவையானது கடிதத்தில், தமிழருக்குத் தருவதாகச் சொன்னது உடன்படிக்கையில். இன்று இரண்டும் எந்த நிலையில் இருக்கின்றன? குதங்கள் பற்றிய வாசகம் 2003, 2022, 2025 என்று புதுப்பிக்கப்பட்டு வந்தது. வடக்கு–கிழக்கு இணைப்பை 2006 ஒக்டோபரில் உயர் நீதிமன்றம் செல்லாது என்றது. கிழக்கு மாகாண சபையின் காலம் 2017 செப்டெம்பரில் முடிந்தது. அதன் பின் தேர்தல் நடத்தாமல் ஆளுநரை வைத்தே வருடங்கள் ஓடின. காரணத்தைத் தேட வேண்டியதில்லை. குதங்களில் டெல்லிக்கு நேரடி அக்கறை உண்டு. மாகாண சபைக்காக வாக்கை இழக்கத் தயாரான ஜனாதிபதி கொழும்பில் வரவில்லை. டெல்லி ஒவ்வொரு அறிக்கையிலும் அதை நினைவூட்டுகிறது. நினைவூட்டலோடு நிற்கிறது.

அந்த உடன்படிக்கையோடு வந்த இந்தியப் படை ஏன் திரும்பிப் போனது?

இரு தலைநகரங்களிலும் ஆட்சி மாறியதால். பிரேமதாச பிரதமராக இருக்கும்போதே உடன்படிக்கையை எதிர்த்தவர். தெற்கில் இடதுசாரி இயக்கமான ஜே.வி.பி. (மக்கள் விடுதலை முன்னணி) இந்திய எதிர்ப்பை ஆயுதமாக்கி இரண்டாவது கிளர்ச்சியை நடத்திக்கொண்டிருந்தது. ஜனாதிபதியான பிரேமதாச 1989இல் படையை வெளியேறச் சொன்னது அந்தத் தீயில் எண்ணெய் வார்ப்பதை நிறுத்தத்தான். ராஜீவ் தயங்கினார். 1989 டிசம்பரில் வி.பி. சிங் வந்தார், தி.மு.க. அவருடைய தேசிய முன்னணியில் இருந்தது. கடைசிப் படையணி 1990 மார்ச் 24ஆம் திகதி எங்கள் துறைமுகத்தில் இருந்துதான் கப்பல் ஏறியது. அதற்குப் பின் அந்த வருடம் இந்த மாவட்டத்தில் தமிழரும் முஸ்லிம்களும் பட்டதை எழுத இன்னொரு பக்கம் வேண்டும்.

எண்ணெய்க் குதங்கள் இப்போது யாருடையவை? விற்றுவிட்டார்களா?

விற்கவில்லை. குத்தகை. இந்தக் கேள்விக்கு விரிவாகவே பதில் சொல்கிறேன், ஏனென்றால் உள்நாட்டு அரசியல் வெளிநாட்டுக் கொள்கையை எப்படி இழுக்கிறது என்பதை இதைவிடத் தெளிவாக எங்கும் காண முடியாது.

பிரித்தானியர் இரண்டாம் உலகப் போருக்கு முன்பே கட்டிய குதங்களில் 99 எஞ்சி நிற்கின்றன. ஒவ்வொன்றிலும் சுமார் 12,000 கிலோலீட்டர் எண்ணெய் நிரப்பலாம். பல பத்தாண்டுகளாகப் பெரும்பாலானவை காட்டுக்குள் துருப்பிடித்துக் கிடந்தன. 1980களின் தொடக்கத்தில் ஜே.ஆர். அரசாங்கம் வெளிநாட்டு நிறுவனங்களுக்குக் கேள்விப்பத்திரம் கோரியது இந்தியாவுக்குச் சந்தேகத்தைக் கிளப்பியது. 1987 கடிதத்தில் குதங்கள் வந்தது அதனால்தான்.

கடிதம் எழுதி 15 வருடம் ஒன்றும் நடக்கவில்லை, போர் நடந்தது. 2002 போர்நிறுத்தத்துக்குப் பின் ரணில் விக்கிரமசிங்க அரசாங்கத்துக்கு முதலீடும் இந்தியாவின் ஆதரவும் தேவைப்பட்டன. 2003இல் இந்தியன் ஒயில் கூட்டுத்தாபனத்தின் இலங்கைக் கிளையான லங்கா ஐ.ஓ.சி. நிறுவனத்துக்கு 35 வருடக் குத்தகை என்று உடன்பாடு வந்தது. நிறுவனம் ஒரு பகுதிக் குதங்களையே திருத்திப் பாவித்தது. அடுத்தடுத்த அரசாங்கங்கள் உடன்பாட்டைக் கிழிக்கவும் இல்லை, முடிக்கவும் இல்லை. 2017இல் மீண்டும் பேச்சுத் தொடங்கியபோது பெற்றோலியத் தொழிற்சங்கங்கள் வேலைநிறுத்தம் செய்தன. யூலையில் எண்ணெய் விநியோகத்துக்கு இராணுவத்தை இறக்க வேண்டியிருந்தது. பேச்சு தேங்கியது.

2022 ஜனவரி 6ஆம் திகதி கையெழுத்து விழுந்தது. இலங்கை அரசின் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கு 24 குதங்கள், லங்கா ஐ.ஓ.சி.க்கு 14, மீதி 61 இரண்டும் சேர்ந்த கூட்டு நிறுவனத்துக்கு. அந்தக் கூட்டு நிறுவனத்தில் 51 வீதம் கூட்டுத்தாபனத்துடையது, 49 வீதம் லங்கா ஐ.ஓ.சி.யுடையது. கையெழுத்திட்டது சிங்கள தேசிய வாக்கில் வென்ற கோட்டாபய ராஜபக்சவின் அரசாங்கம். ஒரு வருடத்துக்கு முன், 2021 பெப்ரவரியில், துறைமுகத் தொழிற்சங்கங்களுக்கும் பிக்குகளுக்கும் பணிந்து, கொழும்பின் கிழக்குக் கொள்கலன் முனையத்தை இந்தியாவுக்கும் ஜப்பானுக்கும் தருவதாக இருந்த உடன்பாட்டை விட்ட அதே அரசாங்கம். இடையில் மாறியது என்ன? டொலர் தீர்ந்தது. ஜனவரியில் குதங்கள், பெப்ரவரி தொடக்கத்தில் எரிபொருள் வாங்க 500 மில்லியன் டொலர் இந்தியக் கடன், மார்ச்சில் இன்னொரு 1,000 மில்லியன். தொழிற்சங்கத்துக்கு அஞ்சிய அரசாங்கத்துக்கு அப்போது எரிபொருள் வரிசையில் நிற்கும் மக்களே பெரிய அச்சம்.

அந்த வருடம் மே மாதம் கொழும்பில் மக்கள் சூழ்ந்தபோது, பிரதமர் பதவியை விட்டு விலகிய மகிந்த ராஜபக்ச கொண்டுவந்து வைக்கப்பட்டது திருகோணமலைக் கடற்படை முகாமில். செய்தி பரவியதும் முகாம் வாசலில் எங்கள் மக்கள் கூடினார்கள்.

ஜே.வி.பி. வாழ்நாள் முழுக்க இந்தியாவை எதிர்த்தது. ஆட்சிக்கு வந்ததும் எப்படி மாறினார்கள்?

1971 கிளர்ச்சிக்கு முன் அவர்கள் இளைஞர்களுக்கு நடத்திய ஐந்து வகுப்புகளில் ஒன்று இந்திய விஸ்தரிப்புவாதம் பற்றியது. 1987இல் அதன் பேரில் ஆயுதம் எடுத்தார்கள். 2022 குத்தகையையும் எதிர்த்தார்கள். 2024 செப்டெம்பரில் அவர்களின் தலைவர் அனுர குமார திசாநாயக்க ஜனாதிபதியானார். டிசம்பரில் முதல் வெளிநாட்டுப் பயணம் டெல்லிக்கு, ஜனவரியில் பீஜிங்குக்கு. 2025 ஏப்ரலில் மோடி கொழும்பு வந்தபோது பாதுகாப்புப் புரிந்துணர்வு உடன்படிக்கையும், திருகோணமலையை எரிசக்தி மையமாக்க இந்தியா, ஐக்கிய அரபு இராச்சியம், இலங்கை மூன்றும் சேர்ந்த உடன்பாடும் கையெழுத்தாயின.

இதைத் துரோகம் என்றும் முதிர்ச்சி என்றும் இரு விதமாகவும் சொல்கிறார்கள். நான் பார்ப்பது இப்படி. எதிர்க்கட்சியில் இந்திய எதிர்ப்பு வாக்குச் சேர்க்கும். ஆட்சியில் வாக்குச் சேர்ப்பது விலைவாசி. கடன் மீள்கட்டமைப்புக்கு நடுவே வென்ற கட்சிக்கு டெல்லியோடு மோத இடமில்லை. இன்னொன்றும் உண்டு: இந்திய எதிர்ப்பை வீதியில் நடத்தக்கூடிய கட்சி ஆட்சிக்குள் இருப்பதால், வீதியில் நடத்த ஆள் குறைவு. வேறு கட்சி இதே கையெழுத்தைப் போட்டிருந்தால் எதிர்ப்பு இதைவிடப் பெரிதாக இருந்திருக்கும்.

இயற்கைத் துறைமுகம் இங்கே இருக்க, சீனா ஏன் அம்பாந்தோட்டைக்குப் போனது?

அம்பாந்தோட்டை ராஜபக்ச குடும்பத்தின் சொந்த மாவட்டம். கிழக்கு–மேற்குக் கப்பல் பாதைக்கு மிக அருகில் இருப்பது அதன் பலம், அதை மறுக்கக் கூடாது. ஆனால் கடன் வாங்கித் தோண்டும் துறைமுகம் எங்கே வர வேண்டும் என்ற முடிவில் சொந்த மாவட்டம் என்ற கணக்கு பெரியது. 2017இல் அதையே சீனா மேர்ச்சன்ட்ஸ் நிறுவனத்துக்கு 99 வருடக் குத்தகைக்குக் கொடுத்து 1,120 மில்லியன் டொலர் பெற்றார்கள். திருகோணமலையில் சீனா வந்திருக்கவும் முடியாது, 1987 கடிதம் குறுக்கே நிற்கிறது. இந்தக் கடிதம் எங்களை ஒரு வல்லரசுப் போட்டியில் இருந்து காத்தது. அதே கடிதத்தின் பேரில் இந்தத் துறைமுகம் முப்பது வருடம் சும்மா கிடந்தது.

முஸ்லிம்களின் நிலைமை வெளிநாட்டுக் கொள்கையில் எங்கே வருகிறது?

பலரும் கவனிக்காத பகுதி. கிண்ணியாவில் ஒரு தாய் என்னிடம் இதைக் கேட்டார், அதனால் விட்டுவிடாமல் எழுதுகிறேன்.

1984இல் ஜே.ஆர். அரசாங்கம் புலனாய்வு உதவிக்காக, அமெரிக்கத் தூதரகத்துக்குள் இஸ்ரேலிய நலன் காக்கும் பிரிவைத் திறக்க விட்டது. கிழக்கில் முஸ்லிம்கள் எதிர்த்தார்கள். 1990இல் பிரேமதாச அதை மூடினார். மத்திய கிழக்கில் உழைப்பவர் அனுப்பும் பணம், அரபு நாடுகளின் தேயிலைச் சந்தை, உள்நாட்டு முஸ்லிம் வாக்கு, மூன்றும் சேர்ந்து இழுத்தன.

2020இல் கொரோனாவில் இறந்தவர்களின் உடல்களைக் கட்டாயமாக எரிக்க உத்தரவிட்டார்கள். புதைத்தால் நிலத்தடி நீர் மாசுபடும் என்றார்கள். உலக சுகாதார நிறுவனம் புதைக்கலாம் என்று ஏற்கெனவே சொல்லியிருந்தது. அது பெரும்பான்மை வாக்கைப் பார்த்து எடுத்த முடிவு என்பதே என் உறுதியான எண்ணம். ஜனாஸாவை மார்க்கப்படி அடக்க முடியாமல் குடும்பங்கள் மாதக் கணக்கில் தவித்தன. உள்ளே எழுந்த எந்தக் குரலும் எடுபடவில்லை. 2021 பெப்ரவரியில் பாகிஸ்தான் பிரதமர் இம்ரான் கான் கொழும்பு வந்தார். மார்ச்சில் ஜெனிவாவில் வாக்கெடுப்பு, முஸ்லிம் நாடுகளின் வாக்கு தேவை. அவர் போன கையோடு அடக்கத்துக்கு அனுமதி வர்த்தமானியில் வந்தது. பிறகு ஓட்டமாவடியில் அடக்கம் நடந்தது. உள்நாட்டு அரசியல் எடுத்த முடிவை வெளிநாட்டுத் தேவை மாற்றியது. சொந்த நாட்டு மக்கள் அழுதபோது மாறாத முடிவு அது.

இது இலங்கையில் மட்டும் நடக்கிறதா?

இல்லை. 2011இல் டீஸ்டா நதிநீர் உடன்பாடு மன்மோகன் சிங்கின் டாக்கா பயணத்தில் கையெழுத்தாக இருந்தது. மேற்கு வங்க முதல்வர் மம்தா பானர்ஜி மறுத்துவிட்டார், கையெழுத்து நின்றது. எங்களுக்குத் தமிழ்நாடு போல வங்காளதேசத்துக்கு மேற்கு வங்கம். மாலைதீவில் இந்தியப் படையினரை வெளியேற்றுவேன் என்று சொல்லி முய்சு 2023இல் வென்றார். 2024 மேயில் அவர்கள் வெளியேறினார்கள், ஒக்டோபரில் அவரே டெல்லி போய் 400 மில்லியன் டொலர் நாணயப் பரிமாற்ற உதவி பெற்றார். நேபாளத்தில் 2020இல் ஒலி அரசாங்கம், கட்சிக்குள் சண்டை நடக்கும் நேரத்தில், இந்தியாவோடு தகராறில் உள்ள காலாபானியை உள்ளடக்கிய புதிய வரைபடத்தை அரசியலமைப்பிலேயே சேர்த்தது. சிறிய அயல்நாட்டில் இந்திய எதிர்ப்புக்கு எப்போதும் ஒரு சந்தை இருக்கிறது. அதை வளர்ப்பதில் டெல்லியின் நடத்தைக்கும் பங்கு உண்டு.

எங்கள் மாவட்டத்துக்கு நான்கு ஆசனம். நாங்கள் என்ன செய்ய முடியும்?

225 பேரில் நான்கு பேர். அந்த நால்வரும் பெரும்பாலும் மூன்று சமூகங்களிடையே பிரிந்து போகிறார்கள். 1977இல் முதன்முதலில் இங்கே தெரிவான இரா. சம்பந்தன், 2024 யூனில் இறக்கும்போதும் திருகோணமலை எம்.பி. டெல்லியோடு இவ்வளவு பேசிய வேறு தமிழ்த் தலைவர் அண்மைக்காலத்தில் இல்லை. அவர் பேசியது பெரும்பாலும் இனப்பிரச்சினைக்கான தீர்வைப் பற்றி. அது தேவை. ஆனால் குதங்களின் வருமானத்தில் மாவட்டத்துக்கு என்ன பங்கு, யாருடைய காணி போகிறது, யாருக்கு வேலை என்ற கேள்விகளை மூன்று சமூகங்களும் சேர்ந்து ஒரே மேசையில் வைத்ததை நான் காணவில்லை.

சம்பூரைப் பாருங்கள். 2006இல் போரில் மக்கள் இடம்பெயர்ந்தார்கள். அந்த வருடமே அங்கே 500 மெகாவாற் அனல் மின்நிலையத்துக்கு இந்தியாவின் அரச மின் நிறுவனமான என்.டி.பி.சி.யோடு உடன்பாடு. மக்கள் கிளிவெட்டி போன்ற முகாம்களில் வருடக் கணக்கில் இருந்தார்கள். 2015 ஆட்சி மாற்றத்துக்குப் பின் காணிகளின் பெரும் பகுதி திரும்பியது. 2016இல் அனல் மின்நிலையம் கைவிடப்பட்டது. 2025 ஏப்ரலில் அதே சம்பூரில், அதே கூட்டு முயற்சியில், 120 மெகாவாற் சூரிய மின் திட்டம் தொடங்கிவைக்கப்பட்டது. கரியை விடச் சூரியன் நல்லது, அதில் எனக்கு மாறுபாடு இல்லை. ஆனால் 2025இல் சீனக்குடாப் பக்கம் முத்துநகர் விவசாயிகள், தாங்கள் விதைத்த வயல் சூரிய மின் திட்டத்துக்குப் போவதை எதிர்த்துப் போராட வேண்டி வந்தது. கொழும்பில் பச்சை மின்சாரம் என்று கையெழுத்தாவது இங்கே வயலாக வந்து நிற்கிறது.

செய்யக்கூடியவை இருக்கின்றன. பெரிய திட்டங்களுக்குச் சுற்றாடல் தாக்க மதிப்பீடு கட்டாயம். அறிக்கை பொதுமக்கள் பார்வைக்கு 30 நாட்கள் வைக்கப்பட வேண்டும், எழுத்தில் கருத்துச் சொல்லலாம். அந்த 30 நாட்களைத் தவறவிட்டால் நீதிமன்றத்தில் நிற்பது கடினமாகிறது. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் பிரதேச செயலகம், துறைமுக அதிகார சபை போன்ற அரச நிறுவனம் எதனிடமும் தமிழிலேயே எழுதிக் கேட்கலாம். வெளிநாட்டு உறவுக்குப் பாதகம் என்று சொல்லி மறுக்கச் சட்டத்தில் இடம் இருக்கிறது. 2025 பாதுகாப்பு உடன்படிக்கையின் முழு வாசகத்தை எதிர்க்கட்சிகள் பாராளுமன்றத்தில் கேட்டும் அரசாங்கம் உடனே வெளியிடவில்லை. ஆகவே முழு உடன்படிக்கையையும் கேட்பதை விட, காணியின் அளவு, குத்தகைத் தொகை, பயனாளிகளின் எண்ணிக்கை, நட்டஈட்டு விவரம் என்று தனித்தனியாகக் கேளுங்கள். வெளிநாட்டு உறவு என்ற காரணத்தை இவற்றுக்குப் பொருத்துவது கடினம். மறுத்தால் 14 நாட்களுக்குள் குறித்தளிக்கப்பட்ட அலுவலரிடம் மேன்முறையீடு செய்யலாம், அதற்கும் பதில் இல்லாவிட்டால் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழுவிடம் போகலாம். கடிதம் எழுத உதவி தேவைப்படுபவர்கள் சனிக்கிழமை வகுப்பு முடிந்ததும் வாருங்கள், உட்கார்ந்து எழுதுவோம்.